பேச்சி, யாழினி, மோக்‌ஷிதா, மாயா: நாலில் எது?

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு இருபத்தாறு நாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் நாலு பெயர், நாலு கையெழுத்து. 'பேச்சி' என்று எழுதியது நான். அது என் அம்மாவின் பெயர், அதாவது குழந்தைக்குப் பூட்டி பெயர். 'யாழினி' அக்கா மகள் எழுதியது. 'மோக்‌ஷிதா' சம்பந்தியம்மா எழுதியது. ஜோசியர் கொடுத்த எழுத்தில் தொடங்குவது. 'மாயா' மருமகன் எழுதியது. அவருக்கு அடுத்த வருஷம் பினாங்குக்கு மாற்றல் வரலாம், அதற்கப்புறம் எங்கே என்று அவருக்கே தெரியாது. எந்த ஊர் வாயிலும் நுழைகிற பெயராக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

"சித்தி, நீங்கதான் இருபத்தஞ்சு வருஷமா அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று அக்கா மகள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். தாளில் எழுதின ஒருத்தியையே நடுவராகப் போட்டது தப்புத்தான். இருந்தாலும் என்னால் முடிந்த மட்டும் நியாயமாக எடை போட்டுப் பார்க்கிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் உதவலாம்.

முதலில் ஒரு விஷயம்: அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினாலும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். இது தெரியாமல், டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் நீட்டின படிவத்தைப் பார்த்துப் பதறிப்போய் வாயில் வந்த பெயரை எழுதிவிட்டு, அஞ்சாறு வருஷம் கழித்துப் பள்ளிக்கு வந்து "டீச்சர், எமிஸ்ல மட்டும் மாத்தி விட்டுடுங்களேன்" என்று நிற்கும் பெற்றோர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது உண்டு. எமிஸ் என்பது அரசின் இணைய மாணவர் பதிவேடு. அதில் அப்படியெல்லாம் மாற்ற முடியாது. பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதுதான் பள்ளிக்கு வரும். பள்ளியில் இருப்பதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலான நாமினல் ரோலுக்குப் போகும். அதற்கு மேல் மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட்டுத்தான் ஆகவேண்டும்.

சரி, பேச்சி.

பேரன், பேத்தி என்ற சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெயரன், பெயர்த்தி. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறவர்கள். உறவின் பெயரே பெயரிடும் முறையிலிருந்து வந்திருக்கிறது என்றால் அந்த வழக்கம் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்க வேண்டும்! மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று பல குடும்பங்களில் கணக்கு இன்றும் நடக்கிறது. அங்கெல்லாம் பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் காத்திருக்கும். இப்படித் தாள் ஒட்டிச் சண்டை போடும் வேலை கிடையாது.

பேச்சி என்பது இன்னும் ஒரு படி மேலே. அது ஊரையே சொல்லும் பெயர். இசக்கி, சுடலைமுத்து, பேச்சிமுத்து என்று பதிவேட்டில் பார்த்தால் குடும்பத்துக்கு வேர் நெல்லைப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஏழுமலை என்றால் வடக்கே. அர்த்தநாரி என்றால் திருச்செங்கோட்டுப் பக்கம் விசாரிக்கலாம். மாயாண்டி, சொக்கர், மீனாட்சி என்றால் மதுரைக் காற்று. பேச்சியம்மன் பிள்ளைப்பேற்றையும் பச்சைக் குழந்தையையும் காக்கிற சாமி. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி அம்மன் என்று ஒரு சந்நிதி இருக்கிறதே, அவளும் இதே வேலையைத்தான் பார்க்கிறாள். பிறந்து முப்பது நாள் ஆனதும் குழந்தையை அங்கே கொண்டுபோய்க் காட்டுவது அந்த ஊர்த் தமிழர் வழக்கம். மலாய் நிலத்துக்குப் போகப்போகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான காவல் பெயர் கிடைக்குமா என்று நான் வாதாடினேன். மருமகன் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்க்கட்சி வாதமும் வலுவானதுதான். அக்கா ஒரே வரியில் சொன்னாள்: "நாளைக்கு இவ சேட்டை பண்ணினா, 'ஏ பேச்சி, வாயை மூடு'ன்னு அம்மா முன்னால எப்படிடி சொல்றது?" பெரியவர்கள் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வீடுகளில் இது பழைய சிக்கல். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று இருந்த காலத்தில், அதே பெயர் கொண்ட தன் பிள்ளையை அவள் கூப்பிடவே முடியாது. அதனால்தான் ராசா, அப்பு, பெரியவன், பாப்பா என்று ஒரு கூப்பிடு பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் ஒரு வாரம் முழுக்க அட்டெண்டன்ஸுக்கு வாயே திறக்கவில்லை. காது சரியில்லையோ என்று பயந்து அம்மாவை வரவழைத்தேன். வீட்டில் எல்லாரும் அவளைத் 'தங்கம்' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் இருந்த பாட்டி பெயர் தன்னுடையது என்பதே அவளுக்குத் தெரியாது.

'பழைய பெயர்' என்று நாம் ஒரே மூட்டையில் கட்டுவதற்குள் பல தினுசு இருக்கிறது. எல்லாமே அன்பில் வைத்த பெயர் இல்லை. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் உருட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்பார்கள். யாரிடமோ ஏந்தி வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்பார்கள். எமன் கண்ணில் மண்ணைத் தூவ, இது மதிப்பில்லாத பிள்ளை என்று நடிப்பது. கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையின் பெயரில் உள்ள பிச்சை அவருடைய அப்பாவின் பெயர். உலகம் முழுக்க அது இன்று கம்பீரமான குடும்பப் பெயராக ஒலிக்கிறது. அதன் பொருளைக் கேட்டால் அமெரிக்கர்கள் மூர்ச்சை போட்டு விழுவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பது இகழ்ச்சி இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற நடுக்கம்.

'போதும்பொண்ணு', 'வேண்டாம்' வேறு தினுசு. திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்தில், வரிசையாகப் பெண் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். அந்தப் பெயரை அழகான பழமை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஊரைச் சொல்லும் பெயர் பல சமயம் தெருவையும் சொல்லிவிடும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தன் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விட்டார். அந்த இயக்கத்தின் தயவில் இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாலில் சாதி கிடையாது. ஆனால் வாலை வெட்டினாலும் தலையே சிலருக்கு வேறு மாதிரி இருந்தது. பல ஊர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் 'சாமி' என்று முடியும் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. வைத்தாலும் மேல்தெருக்காரர் வாயில் அது குறுகிவிடும். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வரும் ஒரு தகப்பனிடம் "ஏன் உங்கள் பாட்டன் பெயரை வைக்கவில்லை" என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பாட்டி பெயரை ரசித்து எடுத்து மாட்டிக்கொள்வது, அந்தப் பெயரால் அடிபடாதவர்களுக்குக் கிடைக்கும் சௌகரியம்.

இதனால்தான் மோக்‌ஷிதாவை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. ஹர்ஷித், ரித்விக், தன்விகா, லக்‌ஷனா என்று வரும் பெயர்களை ஆசிரியர் அறையில் கேலி செய்யாத ஆள் இல்லை. எனக்கே ஒருதரம் ஒரே வகுப்பில் 'ஸ்ரீ' என்று முடிகிற ஒன்பது பெண்கள் இருந்தார்கள். 'ஸ்ரீ, எழுந்திரு' என்றால் ஒரு வரிசையே எழும். ஆனால் இந்தப் பெயர்கள் ஒரு காரியத்தை ஓசையில்லாமல் செய்கின்றன. அவை எந்த ஊரையும் சொல்வதில்லை, எந்தத் தெருவையும் சொல்வதில்லை. பதிவேட்டை மட்டும் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று என்னால் இப்போது சொல்ல முடிவதில்லை. அது நல்லதுதானே.

அந்த ஒரு புண்ணியத்தைத் தவிர்த்தால் மோக்‌ஷிதாவுக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை. குழந்தை பூர நட்சத்திரம். அதற்கு மோ, டா, டி, டூ என்று எழுத்து. தமிழ் இலக்கணப்படி டகரத்தில் சொல்லே தொடங்காது, ஆக மூன்று எழுத்து அடிபட்டுப் போகிறது, மிஞ்சியது மோ. மோகனா என்றால் பழசு என்று சம்பந்தியம்மா ஒதுக்கிவிட்டார். இருபத்தாறு நாள் குழந்தைக்கு மோட்சத்தை நினைவுபடுத்துவானேன், அதற்கு இன்னும் நூறு வருஷம் கிடக்கிறதே என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் நிறைந்த பள்ளி மைதானத்தில் அந்தப் பெயரின் நடு அசை என்ன பாடுபடும் என்பதை மருமகன் தனியாக எடுத்துச் சொல்லிக்கொள்வதாக ஏற்றுக்கொண்டார். நட்சத்திர எழுத்து வேண்டுமென்றால் காதில் சொல்லும் பெயரில் வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டுக்கு வேண்டாம்.

யாழினிக்கு வருவோம். என் அக்கா மகளுக்கு இந்தப் பெயர் பிடித்ததற்குக் காரணம் ஓசை. எனக்கு அதற்குப் பின்னால் உள்ள கதை பிடிக்கும். வேதாசலம் என்பவர் 1916 வாக்கில் தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். வேதம் மறை, அசலம் மலை. சூரியநாராயண சாஸ்திரி அதற்கும் முன்பே பரிதிமாற் கலைஞர் ஆனார். பரிதி, மால், கலைஞர் என்று துண்டு துண்டாகப் பொருத்திப் பார்த்தால் தையல் தெரியாது. அப்புறம் வந்தவர்களில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார். அந்தப் புதுப் பெயரும் வடமொழிதான் என்பதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆகவே மெல்லச் சொல்கிறேன். எங்கள் பாட்டிகள் காலத்தில் எந்த வீட்டிலும் இல்லாத கயல்விழி, இளவரசி, தமிழ்ச்செல்வி எல்லாம் அந்த அலையில் கரையேறியவை. அன்றைக்கு அவைதான் விநோதமான பெயர்கள். இன்று அவையே அம்மாக்களின் பெயர்களாகி, கொஞ்சம் பழசாகத் தெரிகின்றன. யாழினி, மகிழினி, ஆதிரை, நிலா, முகிலன், கவின் என்பது அதே மரத்தின் அடுத்த தளிர்.

இதில் ஒரு சுழற்சியைப் பதிவேடுகளில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் தலைமுறைப் பெயர்தான் எப்போதும் அலுப்புத் தட்டும். சுரேஷ், ரமேஷ், கீதா, உமா என்று இன்று பிறக்கும் குழந்தைக்கு வைப்பார் இல்லை. அதற்கு முந்திய தலைமுறைப் பெயர் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கும் முந்தியது புதுசாகிவிடுகிறது. வள்ளி, மீனாட்சி, ஆண்டாள் எல்லாம் என் வகுப்புகளில் இப்போது ஒன்றிரண்டாகத் தலைகாட்டுகின்றன. ஆங்கிலேயர் வீடுகளிலும் இப்படித்தான். எம்மா, ஆர்தர் எல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து திரும்பி வந்தவை. ஆக பேச்சிக்கும் ஒரு நாள் வரும். இந்தக் குழந்தையின் பத்தாம் வகுப்புக்குள் வருமா என்பதுதான் தெரியாது.

யாழினி மீது உள்ள குறைகள் இரண்டு. ஒன்று, கூட்டம். என் பள்ளியில் மட்டும் மூன்று யாழினி. இனிஷியலை வைத்துத்தான் பிரிக்கிறோம். தனியாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் இது தோற்றுப்போகும். இரண்டு, ழகரம். ஆங்கில எழுத்தில் இசட், எச் இரண்டையும் போட்டு எழுதினால் வெளியூர்க்காரர்கள் யாசினி, யாஜினி என்று எதையாவது சொல்வார்கள். மருமகனுக்கு இதுதான் பெரிய கவலை. ஆனால் இசட்-எச் என்ன, கல்லில் செதுக்கின சட்டமா? தமிழ் என்ற பெயரையே உலகம் 'எல்' போட்டுத்தான் எழுதுகிறது. சோழனும் ஆங்கிலப் புத்தகங்களில் 'எல்' போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். ஈழத்தவர் ஈழத்தையும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்கள் வீட்டு யாழினிகளையும் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஒரு தலைமுறையே அதை வைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டது.

மாயாவின் பலம் வெளிப்படை. ரஷ்யாவில் உண்டு, இஸ்ரேலில் உண்டு, அமெரிக்காவில் உண்டு, புத்தரின் தாய்க்கும் அதே பெயர். இரண்டே எழுத்து. எந்தப் படிவத்திலும் அடங்கும். மீரா, தாரா, லீலா, கவின் போன்றவையும் இந்த வகைதான். கவினை வெளிநாட்டில் கெவின் என்று கேட்டுக்கொண்டு அவர்கள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருப்பார்கள்.

இரு கரைக்கும் பொதுவான பெயர் என்பது நமக்குப் புதுசும் இல்லை. கிறித்தவம் வந்தபோது பாலுஸ் என்ற லத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள் பார்த்துச் சின்னப்பன் என்று வைத்தார்கள். ஜான் அருளப்பன் ஆனார். போர்த்துகீசிய ஜோசே நம் நாக்கில் உருண்டு சூசை ஆனார். நீலகண்டபிள்ளை ஞானஸ்நானத்தில் லாசரு என்ற பெயரின் பொருளை வாங்கித் தேவசகாயம் ஆனார். 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். சூசை என்ற பெயரைக் கேட்டு அது கடல்கடந்து வந்தது என்று இன்று யாருக்குத் தோன்றுகிறது? முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள், அது நன்றிக்கடன். 1953 மார்ச் 1-இல் கருணாநிதிக்கு மகன் பிறந்தார், 5-ஆம் தேதி மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். அந்தப் பெயர் இந்தப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. ரஷ்யா, மாஸ்கோ, லெனின் என்று பெயர் கொண்ட பெரியவர்களை எங்கள் பக்கத்திலேயே காட்டுவேன். இந்த வேற்றுமொழிப் பெயர்களுக்கெல்லாம் இங்கே ஒரு காரணம் இருந்தது. ஒரு நம்பிக்கை, ஒரு கட்சி, ஒரு நன்றி. 'எல்லா ஊரிலும் செல்லும்' என்பது மட்டுமே காரணமாக இருக்கும் பெயர் எனக்கு விமான நிலையக் கடைத் தேநீர் மாதிரி. குடிக்கலாம், தப்பில்லை.

வாதத்தை விட்டு நடைமுறைக்கு வந்தாலும் மருமகன் கணக்கில் ஓட்டை இருக்கிறது. கடவுச்சீட்டில் நம்மைப் படுத்துவது சூட்டிய பெயர் இல்லை, அதற்கு அடுத்த கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒற்றைப் பெயரோடு போன எத்தனையோ தமிழர்களுக்கு அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்து, ஊரெல்லாம் அலறியது. இதெல்லாம் மாயா என்று வைத்தாலும் வரும், பேச்சி என்று வைத்தாலும் வரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டால் தீர்ந்தது. விமானத்தில் பணிப்பெண் ரெண்டு வயசுப் பிள்ளையைத் அப்பா பெயரால் கூப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மலேசியத் தமிழர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், ஆணென்றால் 'ஏ/எல்', பெண்ணென்றால் 'ஏ/பி'. இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். இனிஷியலின் மலாய் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எளிய பெயர் என்று நாம் நினைப்பது போகிற ஊரில் எளிமையாகவே இருக்கும் என்று உறுதி இல்லை. நாலு பெயருக்கு முன்னால் தாளில் 'மதி' என்றும் ஒன்று இருந்தது. அறிவு, நிலா இரண்டும் ஒரே சொல்லில், இரண்டே எழுத்து, உலகமே சொல்லும். மலாயில் ஏறக்குறைய அதே ஓசைக்குச் சாவு என்று பொருள். பினாங்கு நண்பர் ஒருவர் சொல்லித்தான் அடித்தோம். மாயாவுக்கு மலாயில் அப்படி ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் இணைய உலகை அங்கே மாய உலகம் என்கிற மாதிரி 'ஆலம் மாயா' என்பார்கள். பிள்ளை கணினி படித்தால் பொருத்தமாகப் போகும்.

பெயரைச் சுருக்கிக்கொள்வதும் உண்டு. அமெரிக்க நடிகை மிண்டி கேலிங்கின் 'கேலிங்', சொக்கலிங்கத்தின் வால் துண்டு. மேடையில் அறிவிப்பவர்கள் முழுசாகச் சொல்லத் திணறியதால் வெட்டிக்கொண்டார். இன்னொரு பக்கம் கமலா. என் பதிவேட்டில் ஒரு கமலாவைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை, அவ்வளவு பழைய பாட்டிப் பெயர். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட அந்தப் பெயரை, கமலா ஹாரிஸ் தேர்தலில் நின்றதும் அமெரிக்கா முழுக்க வகுப்பெடுத்துக் கற்றுக்கொண்டது. சிலர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள் என்பதும் உண்டு. அவர் அதற்காக ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

பினாங்கில் நாம் பயப்படுவதற்கு இன்னும் காரணம் குறைவு. மலேசியாவில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே அட்டெண்டன்ஸ் எடுக்கும் டீச்சர் ழகரத்தைச் சென்னைக்காரரைவிட ஒழுங்காகச் சொல்வார் என்று பந்தயம் கட்டத் தயார்.

இரட்டைப் பெயர் யோசனையும் வந்தது. பேச்சி யாழினி என்று சேர்த்துப் போடலாமே என்றார் மருமகன், சமாதானமாக. நான் வேண்டாம் என்றேன். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி, நடுவில் இடைவெளி உண்டா இல்லையா, இதற்காகப் பிள்ளைகள் பொதுத்தேர்வு நேரத்தில் அலைவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஒரு பெயர், ஒரே எழுத்துக்கூட்டல், எல்லாத் தாளிலும் அதுவே. எண் கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஒரு 'ஏ'யைக் கூட்டுகிறவர்களும் பிறப்புச் சான்றிதழுக்கு முன்னாலேயே கூட்டித் தொலையட்டும்.

ஆக என் மனசில் மோக்‌ஷிதா முதலில் அடிபட்டது, மாயா அடுத்து. பேச்சிக்கும் யாழினிக்கும் நடுவே ரெண்டு நாள் ஊசலாடினேன். கடைசியில் பெயருக்குச் சொந்தக்காரியிடமே கேட்பது என்று முடிவு செய்து அம்மாவிடம் போனேன். எண்பத்து மூன்று வயது. என்னுடைய வாதங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"உனக்குப் பாசம், சரி. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கையில பயலுக எல்லாம் என்னைப் பேயி, பேயின்னு கூப்பிட்டு அழ வச்சானுவ. அந்த வாத்தியாரும் சேர்ந்து சிரிச்சாரு. அதோட நான் பள்ளிக்கூடம் போறதை நிறுத்தினேன். அந்தப் பேரையா பச்சப்பிள்ளை தலையில வைப்பே?"

அம்மா ஏன் படிக்கவில்லை என்று நான் கேட்டதே இல்லை. வீட்டு வேலை, வறுமை, ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆழ்வார் பாசுரங்களில் பேய்ச்சி என்றால் பூதனை என்று எனக்குத் தெரியும். அதை வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அம்மாவோடு அதைச் சேர்த்து யோசித்ததில்லை.

என் கையெழுத்தை நானே அடித்துவிட்டேன். ஓட்டு யாழினிக்கு, ஆங்கிலத்தில் 'எல்' போட்டு. அக்கா மகள் குழந்தையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்து, "ஆச்சி, நீங்களே முதல்ல கூப்பிடுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ழகரம் நாக்கில் நிற்காது. அம்மா குனிந்து, "ஏட்டி யாளினி" என்றாள்.

மருமகன் என்னைப் பார்த்தார். "பினாங்கிலும் இப்படித்தான் கூப்பிடுவாங்க, அத்தை" என்றார்.